புதுப்பிப்பு: 'ஆற்காடு மக்கன்பேடா' வர்த்தகக் குறி ஆட்சேபம் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. 'ஆற்காடு மக்கன்பேடா' என்று நாங்கள் கேட்ட வர்த்தகக் குறியில் (டிரேட்மார்க்) ஊர்ப் பெயரும் இனிப்புப் பண்டத்தின் பெயரும் தவிர வேறொன்றும் இல்லை என்று வர்த்தகக் குறிச் சட்டத்தின் 9வது பிரிவில் பதிவகத்திலிருந்து ஆட்சேபம் வந்ததைப் பற்றிக் கேட்டிருந்தேன்.

பலித்தது, பாட்டி பெயரையும் நாங்கள் வரைந்த அன்னத்தையும் சேர்த்து லேபிளாகப் புதிதாக விண்ணப்பிக்கச் சொன்ன யோசனைதான். இனிப்புகள் அடங்கும் வகுப்பு 30-இல் போட்டோம். தனிநபர் என்பதால் இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவகத்தின் வர்த்தகக் குறி இதழில் வெளியாகி, எதிர்ப்புக்கான 4 மாதமும் யாரும் வராமல் கழிந்தது. சான்றிதழ் வந்துவிட்டது, 10 ஆண்டு செல்லும்.

எதிர்பாராதது ஒன்று: 'ஆற்காடு மக்கன்பேடா' என்ற சொற்களுக்குத் தனியுரிமை இல்லை என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். நியாயம்தான், ஊரில் எத்தனை குடும்பம் அதில் பிழைக்கிறது!

அப்புறம், பெட்டி மூடியில், பதிவாகாத குறிக்கும் போடக்கூடிய 'டிஎம்' இருந்த மூலையில், பதிவான குறி என்று காட்டும் வட்டத்துக்குள் 'ஆர்' அச்சிட இப்போதுதான் கொடுத்திருக்கிறேன். பதிவாகும் முன் அதைப் போடக் கூடாது.