மார்வென்ஸ்டோ சபைப் பதிவேடு: ஒரே பெயரில் இரண்டு பையன்கள்

வணக்கம். என் மருமகளின் பூர்வீகம் இங்கிலாந்தில் கார்ன்வாலின் வடகோடியில் உள்ள மார்வென்ஸ்டோ. (கரையொதுங்கிய மாலுமிகளை அடக்கம் செய்த பாதிரியார் ஹாக்கரின் ஊர்தான்!) அவள் முன்னோர் ஒருவருக்கு 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயது 35. அதில் பெரியவர்கள் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். ஆக 39 வரைகூட இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், ஞானஸ்நானப் பதிவில் அதே பெற்றோருக்கு அதே பெயரில் இரண்டு பையன்கள், 1802-லும் 1805-லும். மூத்தது இறந்துபோய் அடுத்ததற்கு அந்தப் பெயரையே வைத்திருப்பார்கள். ஆனால் அடக்கப் பதிவின் நகலில் மை ஊறிப்போய், ‘குழந்தை’ என்பதற்கு மேல் படிக்க முடியவில்லை. அப்போது கார்ன்வால் எக்ஸிடர் பிஷப்பின் திருமண்டலத்தில் இருந்தது. ஆண்டுதோறும் சபையிலிருந்து அந்த பிஷப்புக்கு அனுப்பிய பதிவேட்டுப் பிரதிகளை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நேரில்தான் போகணுமா?