புதுப்பிப்பு: பைபாஸுக்குப் பிறகு மறுபடியும் துப்பாக்கி சுடும் ரேஞ்சில்

இதய பைபாஸ் அறுவை சிகிச்சை ஆனவர் மறுபடி ஏர் ரைஃபிள் (காற்றுத் துப்பாக்கி) சுடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். டாக்டர் சம்மதித்துவிட்டார், ஆரம்பித்துவிட்டேன்!

அறுவையில் வெட்டிய நெஞ்செலும்பு நன்றாகக் கூடும்வரை பொறுத்தது நல்லதாயிற்று. ரைஃபிள் 5.5 கிலோவரை இருக்கலாம். நின்றபடி பிடிக்க இன்னும் தெம்பில்லை. இப்போதைக்கு மேசைமேல் தாங்கு வைத்து, உட்கார்ந்தே 10 மீட்டர் தூர இலக்கைச் சுடுகிறேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தும்போது தையல் போட்ட இடம் லேசாக இழுக்கிறது, வலி இல்லை.

இதய நோயாளிகள் ஒன்றைக் கவனியுங்கள். நமக்குத் தரும் மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் இதயத் துடிப்பையும் கைநடுக்கத்தையும் குறைப்பதால், துப்பாக்கி சுடும் போட்டிகளில் தடைசெய்யப்பட்டவை. எனக்குப் போட்டியைவிட மாத்திரைதான் முக்கியம். போட்டிக்குப் போகிறவர்கள் தாங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவ விலக்கு கேட்க வழி இருக்கிறது.

அன்று தைரியம் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நின்று சுடத் தொடங்கியதும் எழுதுகிறேன்.