பேய்க்காதல் தொடரில் பேய் எதுக்கு?

பாதியில்நிறுத்துபவன்:
கொரியன் பேய்க்காதல் தொடர்னாலே இங்க ஆளாளுக்கு உருகறீங்க. பேயை எடுத்துட்டுப் பாருங்க, மிச்சம் இருக்கிறது பணக்கார முசுடும் பாவப்பட்ட பொண்ணும்தான். 'தி மாஸ்டர்ஸ் சன்' (எஸ்பிஎஸ், 2013) அதேதான். ஷாப்பிங் மால் முதலாளி ஜூ ஜுங்-வோன், பேய் கண்ணுக்குத் தெரியற தே கோங்-ஷில். ஒவ்வொரு பேயா வரும், குறையைச் சொல்லும், தீர்ந்ததும் கிளம்பிடும். பேய் வெறும் ஊறுகாய்.

நள்ளிரவுநூடுல்ஸ்:
ஊறுகாய் இல்லைங்க, சோறே அதுதான். அந்தத் தொடரோட விதி என்ன? அவனைத் தொட்டா அவ கண்ணுல இருந்து பேய் மறைஞ்சிடும். காதல் தொடர் எழுதறவங்களுக்குப் பெரிய தலைவலியே ரெண்டு பேரும் தொட்டுக்க ஒரு காரணம் கண்டுபிடிக்கிறதுதான். கால் இடறும், தாங்கிப் பிடிப்பான். மழை வரும், ஒரே குடை. இங்க அந்த ஒப்பேத்தலே வேணாம். ஆரம்பத்துலயே அவ ஓடி வந்து ஒட்டிக்கறா, அதுவும் காதலால இல்ல, பயத்தால. அவனுக்கு எரிச்சல். தொடுதல் முன்னாடி வந்துடுது, ஆசை பின்னாடி மெதுவா வருது. அந்த இடைவெளியிலதான் சிரிப்பு. பேயை உருவினா முதல் பகுதியே நிக்காது.

பாதியில்நிறுத்துபவன்:
முதல் பகுதி நிக்குது சரி, கடைசி வரை நிக்குதா? 16 பகுதின்னு ஆரம்பிச்சு 17ஆ நீட்டினாங்க. நாயகனைக் குத்திடறாங்க, அறுவை சிகிச்சை, கண்ணு முழிச்சா அவளை மட்டும் மறந்துட்டான். அப்புறம் ஒரு வருஷப் பிரிவு வேற. இதுக்கெல்லாம் பேய் எதுக்கு? எந்த மெகா சீரியல்லயும் கிடைக்கும்.

நள்ளிரவுநூடுல்ஸ்:
அது பழுதுதான், ஒத்துக்கறேன். ஏன் அப்படி ஆகுதுன்னும் சொல்றேன். பன்னிரண்டாம் பகுதி வாக்குல ரெண்டு பேருக்கும் தொட்டுக்கத் தனிக் காரணம் தேவையில்லாம போயிடுது. விதி தீர்ந்துபோச்சு, கதையில மிச்சம் அஞ்சு மணி நேரம் இருக்கு. அதனால வெளியில இருந்து ஒரு தடையைக் கடன் வாங்கறாங்க. 'பிரிங் இட் ஆன், கோஸ்ட்' (டிவிஎன், 2016) இன்னும் மோசம்: பேய்ப்பொண்ணு சாகவே இல்ல, கோமாவுல இருக்கான்னு முடிச்சுப் போட்டாங்க. செத்தவளைக் காதலிக்கிறான்கிறதுதான் மொத்தக் கதைக்கும் எரிபொருள். அதைத் தரையில ஊத்திட்டு வண்டியைத் தள்ளினா எப்படி?

விதி தீராத தொடர் ஒண்ணு இருக்கு: 'ஓ மை கோஸ்ட்' (டிவிஎன், 2015, 16 பகுதி. 2022ல வந்த அதே பேர் தமிழ்ப் படம் இல்லை). நா போங்-சன் ஒரு உணவகத்துல எடுபிடிச் சமையல்காரி. பாட்டி சாமியாடி, அந்த வழியில இவளுக்கும் பேய் தெரியும். ராத்திரி தூக்கமில்லாம வேலையில தூங்கி விழுவா. அவ உடம்புல ஷின் சூன்-ஏங்கிற கன்னிப்பேய் புகுந்து, முதல்ல வெளியே வர முடியாம மாட்டிக்குது. செஃப் காங் சன்-வூ அந்தத் துடுக்கான போங்-சன்கிட்ட மயங்கறான். அவனுக்குப் பிடிச்சது யாரை? இது தொட்டா மறையற விதி மாதிரி முத்தத்தோட தீர்றதில்ல. நெருங்க நெருங்க முறுக்குது.

மொழிக்கிறுக்கி:
நடிப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. போங்-சன்னாக வரும் பார்க் போ-யங் இரண்டு பேராக நடிக்கிறார் என்பது பாதி உண்மை. கிம் சுல்-கி நடிக்கும் சூன்-ஏவின் பேச்சையே அவர் பிரதி எடுக்கிறார். சாதாரண போங்-சன் தலை குனிந்து, தோள் சுருங்கி, வாய் திறந்தால் "ஜ்வேசோங்ஹம்னிடா", அதாவது மன்னிப்பு. பேய் புகுந்ததும் முகவாய் நிமிரும், குரல் இழுத்துக் கொஞ்சும். வசனம் வருமுன்பே யார் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

ஆங்கில சப்டைட்டிலில் இதில் பாதி போய்விடும். கொரிய மொழியில் மரியாதை வினைமுடிவில் உட்கார்ந்திருக்கிறது. கடைசி 'யோ'வை விட்டால் நெருக்கம், சமயத்தில் திமிர். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே முன்னிலைச் சொல். நமக்கு நீ, நீங்க இருப்பதால் தமிழில் அதை ஒழுங்காகக் கொண்டுவரலாம்.

பாதியில்நிறுத்துபவன்:
நடிப்பு நல்லா இருந்தா சம்மதம் வந்துடுமா? போங்-சன் கேக்காமலேயே அவ உடம்பை எடுத்துக்கறாங்க, அந்த உடம்பால ஒரு ஆம்பளையை விரட்டறாங்க. செஃப்புக்கும் எதுவும் தெரியாது. இதைச் சிரிச்சுக்கிட்டே கடந்துடறீங்க. அதுக்கு மேல, கன்னியா செத்த பொண்ணுக்கு ஒரே குறை ஆம்பளைதானாம்.

மொழிக்கிறுக்கி:
அந்த நம்பிக்கை தொடர் எழுதியவர்களின் சரக்கு இல்லை. மணமாகாமல் இறந்த பெண் 'ஹன்' தீராமல் அலைவாள் என்பது பழைய பயம். 'ஹன்' என்பதற்கு ஆறாத மனக்குறை என்று சொல்லலாம், பழியும் ஏக்கமும் கலந்தது. கொரியாவின் சம்சியோக் கடற்கரையில் ஹேசின்டாங் என்று ஒரு கோயில் இருக்கிறது. பாறையில் கடற்பாசி சேகரிக்கப் போய்ப் புயலில் மூழ்கிய பெண்ணுக்காக, மீன்பாடு திரும்ப வேண்டி, மரத்தில் ஆண்குறி செதுக்கிப் படைத்தார்கள். தொடர் அதை எடுத்துச் சிரிக்க வைக்கிறது. சூன்-ஏ நெருங்கினாலே ஆண்களுக்குக் குளிர் ஏறி உறைந்துபோவார்கள், தாங்குகிற வெப்பம் செஃப்பிடம் மட்டும். பிறகு அதைத் தலைகீழாக்குகிறது. சூன்-ஏவின் உண்மையான குறை கன்னிமை அல்ல, அவள் கொலை செய்யப்பட்டதுதான். கொலையுண்டு பேயான ஆராங் என்ற பெண்ணைப் பற்றிய மிர்யாங் ஊர்ப் பழங்கதையும் இதே வழி: அந்த ஊருக்குப் புதிதாக வரும் நடுவர்கள் அவளைப் பார்த்த முதல் இரவே பயந்து சாவார்கள். அவள் வந்ததோ மனுக் கொடுக்க. நின்று கேட்டவர் ஒருவர்தான்.

நள்ளிரவுநூடுல்ஸ்:
சம்மதம் பத்திப் பாதியில்நிறுத்துபவன் சொல்றது நியாயம். ஆனா போங்-சன் பின்னாடி தானே ஒப்பந்தம் போட்டு உடம்பைக் கொடுக்கறா. அதுக்கு விலையும் இருக்கு: அவன் காதலிக்கிறது தன்னை இல்லையோன்னு உள்ளுக்குள்ள அரிக்குது. உண்மை தெரிஞ்சதும் செஃப்புக்குக் கோபம் வருது, தொடர் அதை மழுப்பல.

பாதியில்நிறுத்துபவன்:
போங்-சன் பின்னாடி ஒத்துக்கிட்டா, செஃப் எப்ப ஒத்துக்கிட்டான்? சரி, அதை விடறேன். கொலைகாரன்? செஃப்போட தங்கச்சி புருஷன், போலீஸ்காரன் சோய் சங்-ஜே. அவன் உடம்புல கெட்ட ஆவின்னு காட்டிட்டீங்க. அப்ப குத்தம் யாரோடது? கொலையானவ மூணு வருஷம் அலைஞ்சு நியாயம் கேக்க வந்தா, கொன்னவனுக்கு "உள்ள இருந்தது நான் இல்ல"ன்னு ஒரு கதவு திறந்து வைக்கறீங்க.

மொழிக்கிறுக்கி:
இந்த இடத்தில் நான் பாதியில்நிறுத்துபவர் பக்கம். ஆராங் கதையில் கொன்றவன் வெறும் மனிதன்.

நள்ளிரவுநூடுல்ஸ்:
பேய் புகுந்தவ செஞ்சதைச் சிரிச்சு மன்னிக்கிற கதையில, பேய் புகுந்தவன் செஞ்சதுக்கு மட்டும் தனிக் கணக்கு எழுத முடியாதுதான். அது விதியிலேயே இருக்கிற ஓட்டை. அடைக்க வழி தெரியல. ஆனா பாதி, நீங்க 16ஐயும் பார்த்திருக்கீங்க. பேரை மாத்துங்க.