புதுப்பிப்பு: அசையும் இருக்கையின் நடுநிலை சரியாகிவிட்டது

கார் பந்தய விளையாட்டுக்காக நான் வீட்டிலேயே செய்த அசையும் இருக்கை (காரின் கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டார் இரண்டு, அவற்றை இயக்க அர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று), மின்சாரம் கொடுத்ததும் நேராக நிற்காமல் இடப்பக்கம் சாய்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

மென்பொருளில் நடு எண்ணை மாற்றச் சொன்னதை முதலில் செய்தேன். இருக்கை நிமிர்ந்தது, ஆனால் வலப்பக்கம் தாராளமாகவும் இடப்பக்கம் கஞ்சத்தனமாகவும் சாய்ந்தது. பலன் தந்தது அடுத்த யோசனைதான்: கிராங்க் கையை (மோட்டார் தண்டிலிருந்து இருக்கையை அசைக்கும் கை) ரசமட்டம் வைத்துக் கிடைமட்டமாக நிறுத்தி, பொட்டன்ஷியோமீட்டரின் (கை எவ்வளவு திரும்பியது என்பதை வோல்ட்டாகச் சொல்லும் திருகு மின்தடை) திருகைத் தளர்த்தி, அதன் நடுக்காலில் 2.5 வோல்ட் வரும்வரை தண்டைத் திருப்பி இறுக்குவது. 5 வோல்ட்டில் பாதி. அந்த 5 வோல்ட்டை அர்டுயினோ 0 முதல் 1023 வரை எண்ணுவதால் அங்கே 512.

வலது மோட்டார் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இடது பிடிவாதம் பிடித்தது. அதன் பொட்டன்ஷியோமீட்டரைக் கழற்றி, தண்டைப் பாதிச் சுற்றில் நிறுத்தினால் மீட்டர் 0.7 வோல்ட் காட்டியது. முதுகில் பொடி எழுத்தில் 'ஏ10கே'. ஒலியைக் கூட்டிக் குறைக்கப் பயன்படும், சீராக ஏறாத மடக்கை (லாகரிதம்) வகை! வேண்டியது சீராக ஏறும் 'பி10கே'. கிருஷ்ணகிரியில் ரேடியோ பழுதுபார்ப்பவர் ஒருவரின் டப்பாவிலிருந்து ஒன்று கிடைத்தது.

இன்னொன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் மாடி அறையின் தரையே மழைநீர் வடிய வாட்டம் விட்டுப் போட்டது. சட்டத்தின் ஒரு காலுக்கு அடியில் தகரத் துண்டு செருகியபின்தான் ரசமட்டத்தின் குமிழ் நடுவில் நின்றது. அதன்பின் இரண்டு கிராங்குகளையும் மறுபடி முதலிலிருந்து வைத்தேன்.