இறுகியதா, இறுக்கியதா: சைலன்சர் நட்டுக்கு ஒரு சொல்

குன்னூர், தொழிற்பயிற்சி ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். வண்டிப் பழுது பார்க்கப் படிக்கும் மாணவர்களுக்கான பாடக்குறிப்பு சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறேன். சைலன்சர் குழாயை எஞ்சினோடு சேர்க்கும் ஸ்டட்டுகளில் (எஞ்சினில் பதிந்து நிற்கும் தலையில்லாத திருகாணிகளில்) நட்டு துருவேறி, சூட்டில் வெந்து, அசையாமல் நின்றுவிடுகிறதே, அந்த நிலைக்குப் பெயர் வேண்டும்.

சென்ற ஆண்டு 'இறுகிய நட்டு' என்று எழுதினேன். அச்சில் ஒரு ககர ஒற்று கூடி 'இறுக்கிய நட்டு' ஆகிவிட்டது. அதைப் படித்த மாணவன் ஒருவன், யாரோ அளவு மீறி முறுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, ஸ்பேனரில் இரண்டடிக் குழாயைச் செருகி ஒரே இழுப்பாக இழுத்தான். நட்டு அசையவில்லை. ஸ்டட் சிலிண்டர் ஹெட்டின் மட்டத்தோடு முறிந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தோம்: முறிந்த வாயின் ஓரமெல்லாம் கருஞ்சிவப்பு, நடுவில் மிளகளவுக்கு மட்டும் புது இரும்பின் வெளுப்பு. உள்ளே நின்ற துண்டைத் துளையிட்டு எடுக்க ஒரு பகல் போயிற்று.

எனக்கு அழகான சொல் வேண்டாம். படித்தவனின் கை எந்தக் கருவியைத் தேட வேண்டும் என்று சொல்லும் சொல் வேண்டும். கையால் இறுக்கியது நெம்பினால் கழலும். தானாகப் பிடித்துக்கொண்டதற்கு எண்ணெய், சூடு, பொறுமை மூன்றும் வேண்டும்.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஐயா, அந்தச் சொல் நம்மிடம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. 'இளைதாக முள்மரம் கொல்க களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து' (குறள் 879). காழ்த்தல் என்றால் உள்ளே வயிரம் பாய்தல், அதாவது மரம் முற்றிக் கெட்டியாதல். கழற்றுகிறவனின் கையைக் காயப்படுத்துவதுவரை உங்கள் நட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. ஆகவே 'காழ்த்த நட்டு', பெயர்ச்சொல் 'காழ்ப்பு'.

இன்னும் நுட்பமாகவும் போகலாம். 'புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப' என்பது தொல்காப்பிய மரபியல். நட்டின் வெளியே படியும் துருவைப் புறக்காழ் என்றும், மரைக்குள், அதாவது திருகு வரிகளுக்குள், ஏறிய துருவை அகக்காழ் என்றும் பிரிக்கலாம். புறக்காழைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் போக்கலாம், அகக்காழுக்கே தீ. கருவித் தேர்வு சொல்லிலேயே வந்துவிடுகிறது அல்லவா?

பண்ணைக்காடு, பட்டறை வைத்திருப்பவர்:

ஐயா மீது மதிப்புண்டு. ஆனால் காழ்ப்பு என்றால் என் பட்டறைப் பையன்களுக்குக் காழ்ப்புணர்ச்சிதான் நினைவுக்கு வரும். நாங்கள் 'பிடித்துக்கொண்டது' என்போம், அல்லது 'ஜாம்'. அவ்வளவுதான்.

இது மலையில் ஏன் அதிகம் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகிறது. பச்சைத் தேயிலை ஏற்றிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் போய் நிற்கும் ஜீப்பில் சைலன்சர் நன்றாகச் சூடேறுவதே இல்லை. நீர் உள்ளேயே தங்கும். வெளியே மூடுபனி. துரு தான் பிறந்த இரும்பைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கொள்ளும். மரையின் இடுக்கில் அது பருத்தால் நட்டு எப்படி அசையும்?

கழற்றும் முறை: தேய்த்துச் சுத்தம் செய்து, ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஓர் இரவு விட்டுவிட வேண்டும். மறுநாள் ஆறு முனை சாக்கெட். பன்னிரண்டு முனை சாக்கெட் அரித்துப்போன நட்டின் மூலையை மழுக்கிவிடும். அதன் பிறகு எதுவும் பிடிக்காது. அசையாவிட்டால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, பெட்ரோல் குழாயை விலக்கிவிட்டு, நட்டை மட்டும் சூடாக்க வேண்டும். ஸ்டட் சூடாகும் முன்பே நட்டு விரிய வேண்டும், அதுதான் கணக்கு. அசைந்ததும் ஒரே மூச்சில் கழற்றக் கூடாது; கால் சுற்று தளர்த்தி, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, மீண்டும் எண்ணெய். கடைசி வழி நட்டைப் பிளந்துவிடுவது. நட்டு போனால் போகட்டும், ஸ்டட் பிழைக்க வேண்டும்.

கூடலூர், மொழிபெயர்ப்பாளர்:

அண்ணன் சொன்ன முறை முழுவதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்று நானும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் 'ஜாம்' வேண்டாம், 'நட்டு'கூட வேண்டாம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் அதைச் 'சுரை' என்றுதான் சொல்வோம். உட்குழிந்து திருகை ஏற்பது சுரை. தோட்டின் பின்பக்கம் திருகை வாங்கும் குழிவுக்கு நகை ஆசாரிகளும் அதையே சொல்கிறார்கள். ஆகவே 'துருப்பற்றிய சுரை'.

தோடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. என் பாட்டி ஆண்டுக்கணக்கில் கழற்றாத தோடு. வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறித் திருகு நகரவே இல்லை. தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி ஒரு சொட்டு விட்டு, வெந்நீரில் நனைத்த துணியைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'இழுக்காதே, இறுகிப்போய்விட்டது, அதுவாக வரும்' என்றாள். வந்தது.

கோத்தகிரி:

சுரையை வரவேற்கிறேன். ஆனால் மேலே நானே 'மரை' என்று எழுதிவிட்டேன். அது மரையா, மறையா? உள்ளே மறைந்திருப்பதால் வல்லின றகரம் என்று நான் நெடுநாளாக எண்ணி வருகிறேன். 'மரை கழன்றவன்' என்ற வழக்கைப் பலர் றகரமிட்டே எழுதுகிறார்கள்.

பண்ணைக்காடு:

ஐயா, சனிக்கிழமை அச்சு. அதை அடுத்த வாரம் பார்ப்போம். அம்மாவின் 'துருப்பற்று' பற்றி ஒன்று: எல்லா நட்டும் துருவால் பிடிப்பதில்லை. துருவேறாத எஃகு நட்டை எண்ணெய் இல்லாமல் வேகமாக ஏற்றினால் மரையும் மரையும் உராய்ந்து ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒரு பொட்டுத் துரு இருக்காது. அலுமினிய ஹெட்டில் எஃகு ஸ்டட் பிடிப்பதும் வேறு கதை. பெயரில் துருவை வைத்தால் பையன் துருவைத் தேடுவான்.

குன்னூர்:

பண்ணைக்காட்டு நண்பர் சொல்வது சரி. காரணத்தைப் பெயரில் பூட்டக் கூடாது. நான் தேடிய சொல் கூடலூர் அம்மாவின் பாட்டி வாயிலேயே இருந்திருக்கிறது: இறுகிப்போன நட்டு.

இலக்கணத்தைப் பாருங்கள். இறுகு தன்வினை, இறுக்கு பிறவினை. கூடவே 'போ' என்னும் துணைவினை. கெட்டுப்போனது, அழுகிப்போனது, மக்கிப்போனது என்னும் வரிசையில் இதுவும் நிற்கிறது: யாரும் செய்யாமல், யாரும் விரும்பாமல், தானாக நேர்ந்த கேடு. குழாய் செருகி இழுக்காதே என்பதை இந்தத் துணைவினையே சொல்லிவிடுகிறது. அச்சில் ஒற்று கூடி 'இறுக்கிப்போன' என்று வந்தாலும் அப்படி யாரும் பேசுவதில்லை. பிழை உடனே கண்ணில் குத்தும். நட்டு நட்டாகவே இருக்கட்டும். மாணவன் கடையில் போய்ச் சுரை கேட்டால் கிடைக்காது.

கூடலூர்:

பாட்டிக்காக ஒப்புக்கொள்கிறேன். சுரையை அடிக்குறிப்பிலாவது தாருங்கள்.

பண்ணைக்காடு:

சரி. பையன்களுக்குப் புரியும்.

கோத்தகிரி:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'இறுகிப்போன' என்பது எச்சம், கலைச்சொல் ஆகாது. பின்னிணைப்பில் சொல் அடைவு தருவீர்களே, அங்கே எந்தப் பெயர்ச்சொல்லைப் போடுவீர்கள்? 'இறுகிப்போதல்' என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. 'காழ்' ஓரசை, பெயராகவும் வினையாகவும் நிற்கும்.

குன்னூர்:

ஐயாவின் கேள்விக்கு இன்றிரவு என்னிடம் விடை இல்லை. சொல் அடைவில் அந்த வரியை எடுத்துவிட்டேன். பாடத்தில் எட்டு இடங்களில் 'இறுகிப்போன நட்டு' என்றே போகிறது. சுரைக்கு அடிக்குறிப்பு சேர்த்தாயிற்று.