டர்போ வண்டியில் பூஸ்ட் அளப்பது: நம்ம கடலோரத்தில் பார்த்தவை

தொண்டி டர்போ

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை டர்போ வண்டி பார்க்கிற எல்லாரும் எழுதுங்க. பூஸ்ட், அதாவது டர்போ என்ஜினுக்குள் கூடுதலாகத் தள்ளும் காற்றின் அழுத்தம், அளக்கும்போது என்னென்ன எதிர்ப்பட்டது, எது ஏமாற்றியது? ஒரே நிபந்தனை: எந்த இடத்தில் எடுத்தது, எந்த மீட்டர், எந்த யூனிட் என்று சொல்லாமல் வெறும் எண்ணைப் போடாதீங்க.

மண்டபம் டீசல்

முதல் குழப்பம் யூனிட்டில்தான் வரும். ஸ்கேனரில் 2200 மில்லிபார் என்று பார்த்துவிட்டு, "2.2 பார் அடிக்குது, டர்போ போயிரும்" என்று பதறி வண்டியைக் கொண்டுவருவார்கள். அது அப்சல்யூட் அளவு, வெளிக்காற்றின் அழுத்தமும் அதற்குள் அடக்கம். நம்ம கரையில் வெளிக்காற்றே ஏறக்குறைய 1010 மில்லிபார் இருக்கும். கழித்தால் 1190, அதாவது 1.19 பார், 17 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் மேல். அந்த வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதனால் வேறு எதையும் தொடுவதற்கு முன், சாவியை ஆன் செய்து என்ஜினை ஓட்டாமல் மேப் சென்சார் (என்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளப்பது) என்ன சொல்கிறது என்று பாருங்கள். 100, 101 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் இருப்பதால் நமக்கு இந்தச் சோதனை செலவில்லாமல் கிடைக்கிறது. 97க்குக் கீழே போனாலோ 104க்கு மேலே போனாலோ அங்கேயே நிறுத்தி சென்சாரையும் வயரையும் பாருங்கள். அதற்குமேல் எடுக்கிற எந்த அளவும் வீண்.

இதே வண்டி கொடைக்கானல் ஏறினால் 79 பக்கம் காட்டும், அது கோளாறு இல்லை. சில மொபைல் ஆப்கள் வெளி அழுத்தத்தைக் கேட்காமல் எப்போதும் 14.7 பிஎஸ்ஐயைக் கழித்துவிடும். நம்ம ஊரில் அது சரியாகவே தெரியும். மலையில் 3 பிஎஸ்ஐ குறைத்துக் காட்டும்.

கீழக்கரை கேஜ்

ஊசி மீட்டர் போடுகிறவர்களுக்கு: மீட்டரை விட, குழாயை எங்கே டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

டர்போவுக்குள் இருக்கும் இதழ்களை உறிஞ்சலால் அசைக்கும் வேக்வம் ஆக்சுவேட்டர் உள்ள விஜிடி டீசல்களில், டர்போ மேல் போகிற மெல்லிய குழாயைப் பார்த்ததும் அதில் டீ போட்டுவிடுகிறார்கள். அதில் ஓடுவது வேக்வம் பம்பின் உறிஞ்சல், பூஸ்ட் இல்லை. ஐடிலில் ஊசி வேக்வம் பக்கம் ஆழமாக விழும், மிதித்தால் ஜீரோவை நோக்கி வரும், ஜீரோவைத் தாண்டவே தாண்டாது. "டர்போ செத்துப்போச்சு" என்று தீர்ப்பு எழுதிய வண்டிகள் இப்படித்தான் வந்தன. டர்போ நன்றாகவே இருந்தது.

வேஸ்ட்கேட் (மிஞ்சிய எக்சாஸ்டை டர்போவைச் சுற்றி வெளியே விடும் கதவு) வண்டியில் வேறு வினை. சோலினாய்டுக்கும் (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) ஆக்சுவேட்டருக்கும் நடுவில் எடுத்தால், சோலினாய்டு கசியவிட்டது போக மிச்சத்தைத்தான் மீட்டர் காட்டும். உண்மையான பூஸ்டை விடக் குறைவு. கம்ப்ரசர் வாயிலேயே எடுத்தால் இன்டர்கூலருக்கு (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விப்பது) முந்தைய அழுத்தம், மேனிஃபோல்டில் இருப்பதை விட 1 முதல் 3 பிஎஸ்ஐ வரை கூடும். பெட்ரோலில் பிரேக் பூஸ்டர் குழாயில், ஒருவழி வால்வைத் தாண்டி எடுத்தால் வேக்வம் மட்டும் தெரியும், பூஸ்ட் வராது. பிரேக் குழாயில் கை வைக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. அங்கே ஒரு கசிவு வந்தால் பெடல் கல்லாகிவிடும்.

டீசலில் நல்ல இடம், மேப் சென்சாருக்கு அடியில் வைக்கிற ஸ்பேசர். அது கிடைக்காவிட்டால் இன்டர்கூலருக்குப் பின் வரும் அலுமினியப் பைப். துளை போடுவதற்கு முன் பைப்பைக் கழற்றுங்கள், வண்டியில் வைத்தே துளைத்தால் உலோகச் சுருள் என்ஜினுக்குள் போகும். மரைக்கும் ஒரு எச்சரிக்கை: வெளியிலிருந்து வரும் மீட்டர்கள் பெரும்பாலும் 1/8 என்பிடி, நம்ம கடைகளில் கிடைக்கும் பித்தளை ஃபிட்டிங் 1/8 பிஎஸ்பி. ஒன்று அங்குலத்துக்கு 27 மரை, மற்றது 28. இரண்டு சுற்று ஏறியதும் பொருந்திவிட்டது போலத் தெரியும், டெஃப்லான் டேப் சுற்றினாலும் கசியும்.

குழாய் 4 மில்லி உள்விட்டம் போதும். ஊசி நடுங்கினால் குழாய்க்குள் 1 மில்லி துளையுள்ள மிக் வெல்டிங் டிப்பைச் செருகுங்கள். மீட்டர் வரை குழாய் மேல்நோக்கியே போகட்டும். நம்ம ஈரக்காற்று அதற்குள் குளிர்ந்து தண்ணீராகிவிடும், நடுவில் தொய்வு இருந்தால் அங்கே தங்கும். 30 செ.மீ. தண்ணீர் நின்றால் 3 கிலோபாஸ்கல் பிழை, 0.4 பிஎஸ்ஐ.

கிளிசரின் நிரப்பிய மீட்டர் வெயிலில் சூடானால் உள்ளே அழுத்தம் ஏறிக் குறைத்துக் காட்டும். மேலே உள்ள ரப்பர் மூடியின் காம்பை நறுக்கி மூச்சு விடச் செய்யுங்கள்.

தொண்டி டர்போ

காக்கா, சீப் மீட்டரை நம்பலாமா? சரிபார்க்க வழி இருக்கா?

கீழக்கரை கேஜ்

இருக்கு தம்பி. மேப் சென்சாரைக் கழற்றுங்க, கனெக்டர் மாட்டியே இருக்கட்டும். அதன் மூக்கில் குழாயைச் செருகி, டீ போட்டு, ஒரு பக்கம் மீட்டர், மறுபக்கம் சைக்கிள் பம்ப். சாவி ஆன். மெதுவாக அடிங்க. மீட்டர் 10 பிஎஸ்ஐ காட்டும்போது ஸ்கேனரில் 170, 15க்கு 204, 20க்கு 239 கிலோபாஸ்கல் பக்கம் வரணும். இரண்டு மூன்று கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. 10இல் ஒத்துப்போய் 20இல் விலகினால் மீட்டரைத் தூக்கிப் போடுங்க. எல்லா இடத்திலும் ஒரே அளவு விலகினால் சாவி ஆன் அளவு எது சரி என்று சொல்லிவிடும்.

ஏர்வாடி வயரிங்

உப்புக்காற்றில் சென்சார் கெடுவதை விட கனெக்டர் கெடுவதுதான் அதிகம். பின்னில் பச்சைக் களிம்பு பிடித்து எர்த் பலவீனமானால், ஈசியூவுக்கு (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) போகும் வோல்டேஜ் அந்த அளவு உயரும். 20 முதல் 250 கிலோபாஸ்கலை 0.4 முதல் 4.65 வோல்ட்டில் சொல்லும் சென்சாரில், 0.1 வோல்ட் உயர்ந்தாலே 5 கிலோபாஸ்கல் கூடுதலாகத் தெரியும். ஈசியூ "பூஸ்ட் எட்டிவிட்டது" என்று நினைத்து டர்போவை அடக்கும். ஸ்கேனரில் ஈசியூ கேட்ட பூஸ்ட் அளவும் வந்த அளவும் அச்சாகப் பொருந்தும், வண்டி மட்டும் இழுக்காது. சாவி ஆனில் 105, 106 காட்டுகிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்படும்.

என்ஜினை ஓட்டி, விளக்கு, ஏசி எல்லாம் போட்டு, சென்சாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கணும். காண்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவுங்கள்.

இஜிஆர் (எக்சாஸ்ட் புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்குள் விடுவது) உள்ள டீசலில் சென்சாரின் மூக்கு கரியால் அடைத்துவிடும். அப்போது அளவு சரியாக இருக்கும், ஆனால் தாமதமாக வரும். ஊசியால் குத்தாதீர்கள், உள்ளே இருப்பது மெல்லிய தகடு.

பாம்பன் லாகர்

ரோட்டில் அளப்பது பற்றி. நிறுத்தி வைத்து ரேஸ் கொடுத்தால் டீசலில் பூஸ்ட் சொல்லிக்கொள்ளும்படி ஏறாது, லோடு வேண்டும். நம்ம பக்கம் ஏற்றமே இல்லாததால் கியர்தான் லோடு. காலியான நேர் ரோட்டில் மூன்றாவது கியர், 1500 ஆர்பிஎம், பெடல் முழுக்க, 3500 வரை. இரண்டாவது கியரில் பூஸ்ட் நிலைப்பதற்குள் ஆர்பிஎம் முடிந்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடிப் பக்கம் விடிகாலையில் வசதி. தனுஷ்கோடி ரோடு நேராக இருக்கிறதே என்று அங்கே போகாதீர்கள், காற்று மணலைக் கொண்டுவந்து ரோட்டில் கொட்டியிருக்கும், ஆள் நடமாட்டமும் உண்டு.

வண்டியின் சோதனை சாக்கெட்டில் செருகும் ப்ளூடூத் ஓபிடி கருவியில் மூன்று அளவுக்கு மேல் கேட்காதீர்கள்: ஆர்பிஎம், மேப், பெடல். பத்து கேட்டால் ஒவ்வொன்றும் மெதுவாகி உச்சம் கண்ணில் படாமலே போகும். முதல் எகிறல் வேறு, அதன் பிறகு நிலைக்கிற அளவு வேறு. இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

கிராஃபின் தலை 255இல் வெட்டியது போலத் தட்டையாக இருந்தால் டர்போ அங்கே நின்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. பொது ஓபிடி மேப் அளவு ஒரே பைட், 255 கிலோபாஸ்கலுக்கு மேல் அதற்குச் சொல்லத் தெரியாது. நம்ம கரையில் அது சுமார் 22 பிஎஸ்ஐ பூஸ்ட். அதற்கு மேல் போகும் வண்டிக்கு அந்தக் கம்பெனியின் சொந்த அளவைப் படிக்கும் ஸ்கேனரோ தனி சென்சாரோ வேண்டும்.

பூஸ்ட் சரியாக இருந்தும் மே மாத மதியத்தில் இழுவை குறைவதைப் பலரும் மீட்டர் மேல் போடுகிறார்கள். 32 டிகிரியில், ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் காற்றழுத்தத்தில் 3.5 கிலோபாஸ்கல் நீராவியுடையது. இன்டர்கூலருக்குப் பின் காற்று 45 டிகிரிக்குப் பதில் 65 டிகிரி என்றால் அடர்த்தி மேலும் 6 சதவீதம் போகும். மீட்டருக்கு இரண்டும் தெரியாது. உள்வரும் காற்றின் வெப்பத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

ராமேஸ்வரம் விசைப்படகு

படகு டர்போவுக்கும் இதேதான். ஜெட்டியில் கட்டிப்போட்டு நியூட்ரலில் ஓட்டி பூஸ்ட் பார்க்கிறவர்கள் உண்டு. மடியை (இழுவலையை) இறக்கி இழுக்கும்போது பாருங்க அண்ணே.

மண்டபம் டீசல்

அளவு எல்லாம் சரி, பூஸ்ட் நிஜமாகவே குறைவு, கரும்புகை வேறு என்றால் கசிவு தேடுங்கள். டர்போவின் காற்று நுழையும் வாயில் அளவான பிவிசி எண்ட் கேப், அதில் ஒரு டியூப் வால்வு, க்ளாம்ப். என்ஜின் மூச்சுக்குழாய் அதே பைப்பில் சேர்ந்தால் அதைத் தனியாக அடையுங்கள், இல்லாவிட்டால் காற்று ஆயில் பக்கம் போய் சீலைத் தள்ளும். ரெகுலேட்டர் வைத்து 0.5 பாரில் தொடங்கி 0.7க்கு மேல் போகாதீர்கள், கேப்புக்கு நேராக நிற்காதீர்கள். சோப்புத் தண்ணீரை முதலில் இன்டர்கூலரின் இரண்டு ஓரத்திலும், பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு மடிந்து சேருகிற இடத்தில் அடியுங்கள். உப்பு முதலில் தின்பது அங்கேதான். நுரை வராவிட்டால் ஹோஸ் க்ளாம்புகளின் அடிப்பக்கம்.