சொத்து மதிப்பீட்டுத் தொழிலுக்கு இனிமேல் வரலாமா?

கேள்வி: புதுவரவு

சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு இரண்டு வருடம் சைட்டில் வேலை பார்த்தேன். இப்போது சொத்து மதிப்பீட்டுக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். தெரிந்த மதிப்பீட்டாளர் ஒருவரோடு மூன்று நாள் கூடவே சுற்றினேன், வேலை பிடித்துவிட்டது. ஆனால் விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே பதில்: "முகவரியைத் தட்டினால் கம்ப்யூட்டரே விலை சொல்கிறது, இனி இதில் என்ன இருக்கிறது?" வீட்டிலும் பயப்படுகிறார்கள். பத்து வருடம் கழித்தும் இந்த வேலை இருக்குமா? இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா? துறையில் இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பதில்: கடன்பிரிவு

நான் மதிப்பீட்டாளர் இல்லை. மதிப்பீட்டு அறிக்கைகளைப் படித்து வீட்டுக்கடனை முடிவு செய்யும் இடத்தில் எட்டு வருடமாக இருக்கிறேன். ஒரே மாதிரியான அடுக்குமாடி வீடுகள், கேட்கும் கடனும் வீட்டின் மதிப்பில் பாதிக்குக் கீழே என்றால், ஆள் அனுப்பிப் பார்ப்பது குறைந்துகொண்டே வருகிறது. அந்த வேலையை மட்டும் நம்பி வராதீர்கள். தகராறு, வழக்கு என்று போகும் சொத்துகளில் நிலைமை வேறு. "இந்தத் தொகை எப்படி வந்தது?" என்று கேட்டால் எழுந்து நின்று விளக்கவும், குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்லவும் ஒருவர் வேண்டும்.

பதில்: டேப்பும் நோட்டும்

தம்பி, நான் இந்த வேலைக்கு வந்து 19 வருடம் ஆகிறது. வாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் எதை நம்பி வருகிறீர்கள் என்பது முக்கியம்.

முதலில் அந்தக் கம்ப்யூட்டர் பயம். அமெரிக்காவில் ஜில்லோ நிறுவனம் 2006இல் வீட்டு விலையைத் தானாகக் கணித்துச் சொல்லும் வசதியைக் கொண்டுவந்தது. பின்னாளில் கணிப்புகளை நம்பித் தானே வீடுகளை வாங்கி விற்கவும் இறங்கியது. 2021 நவம்பரில் பெரிய நஷ்டத்தோடு அந்தப் பிரிவை மூடப்போவதாக அறிவித்தது. இதை வைத்து, கம்ப்யூட்டர் உதவாது என்று சொல்ல மாட்டேன். ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக இருந்து, விற்பனையும் அடிக்கடி நடக்கிற இடங்களில் அது சொல்லும் தொகை பெரும்பாலும் என் தொகைக்குப் பக்கத்திலேயே வருகிறது. சுவருக்குள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் அதற்குத் தெரியாது.

போன மாதம் ஒரு தனி வீட்டுக்குப் போயிருந்தேன். 22 வருடப் பழசு, புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பின் அறையில் பீரோவை மட்டும் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிப் போட்டிருந்தார்கள். இருப்பதோ சின்ன அறை, இடத்தை ஏன் இப்படி வீணாக்குகிறார்கள் என்று தோன்றியது. பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் உப்பியிருந்தது. விரலால் அழுத்தியதும் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. மறுபக்கம் குளியலறை, சுவருக்குள் ஓடும் குழாய் பல மாதமாகக் கசிந்திருக்கிறது. குழாயை மாற்றி, சுவரைக் கொத்திப் பூசும் செலவைக் கணக்கில் எடுத்துத்தான் தொகை எழுதினேன். வாங்க வந்தவர்கள் புதிதாகக் கல்யாணமானவர்கள். அந்தச் சுவரை அவர்களுக்காகப் பார்க்க வேறு யாரும் இல்லை.

ஒப்பீடும் அப்படித்தான். பக்கத்தில் விற்றதோடு ஒப்பிடுவது, கட்டும் செலவில் தேய்மானம் கழித்து நிலத்தின் மதிப்பைச் சேர்ப்பது, வாடகை வருமானத்தை வைத்துக் கணக்கிடுவது என்று மூன்று வழிகள் உண்டு. இவற்றைப் படித்துவிடலாம். எந்த விற்பனையை ஒப்பிட எடுப்பது என்பதில்தான் அனுபவம் பேசும். அண்ணன் தம்பிக்குள் கைமாறிய வீடும், கடன் நெருக்கடியில் வந்த விலைக்குத் தள்ளிவிட்ட வீடும் பதிவேட்டில் மற்ற விற்பனைகளைப் போலவேதான் இருக்கும். நாலு பேரிடம் விசாரித்தால்தான் உண்மை தெரியும்.

இனி கஷ்டமான விஷயம். தொகையை ஏற்றிப் போடச் சொல்வார்கள். என் மூன்றாவது வருடத்தில், என் வேலையில் பாதியைத் தந்துகொண்டிருந்த ஒரு கடன் நிறுவனத்திலிருந்து போன் வந்தது. "இன்னும் எட்டு சதவீதம் ஏறினால் கடன் பாஸாகிவிடும் சார், கொஞ்சம் பாருங்களேன்." முடியாது என்றேன். அடுத்த மாதத்திலிருந்து அங்கிருந்து ஒரு வேலையும் வரவில்லை. ஐந்து மாதம் வீட்டில் மிகவும் சிரமப்பட்டோம். பிறகு ஒரு வக்கீல் பாகப்பிரிவினை வழக்குக்காகக் கூப்பிட்டார். அவர் மூலமாக இன்னும் இரண்டு பேர். இன்று என் வேலையில் பெரும்பகுதி பாகப்பிரிவினை, நில எடுப்பு இழப்பீடு, பழைய கட்டடங்கள், வரி வழக்குகள் என்றுதான் ஓடுகிறது. கம்ப்யூட்டர் எட்டாத இடங்கள் இவை.

ஏற்றிப் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்பார்கள். வாங்கியவர் இருபது வருடம் அதற்குத் தவணை கட்டுவார், அவருக்குத்தான் நஷ்டம். அமெரிக்காவில் 1980களில் சேமிப்பு, கடன் சங்கங்கள் வரிசையாகத் திவாலாயின. ஊதிப்போட்ட மதிப்பீடுகளுக்கும் அதில் பங்கு இருந்தது. 1989இல் அதற்கென்று வந்த சட்டத்தில்தான் மதிப்பீட்டாளர்களுக்கு மாநில உரிமமும் பொதுவான தரவிதிகளும் கட்டாயமாயின.

புதுவரவு:

ரொம்ப நன்றி அண்ணா. அந்த ஐந்து மாதத்தைப் படித்ததும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. தகுதி பெற எவ்வளவு காலம் ஆகும்? அதுவரை வருமானத்துக்கு என்ன செய்வது?

டேப்பும் நோட்டும்:

நாட்டுக்கு நாடு விதி வேறு. அமெரிக்காவில் சான்று பெற்ற குடியிருப்பு மதிப்பீட்டாளராக 1,500 மணி நேர அனுபவம் காட்ட வேண்டும்; வணிகக் கட்டடங்கள் உட்பட எல்லாவற்றுக்கும் என்றால் 3,000 மணி நேரம். இந்தியாவில் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, சிவில் பட்டதாரி நிலம், கட்டடப் பிரிவில் பதிவுபெற்ற மதிப்பீட்டாளராக ஐந்து வருட அனுபவம், பயிற்சி வகுப்பு, தேர்வு மூன்றும் வேண்டும். எங்கே போனாலும் சில வருடம் வருமானம் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். அதனால் சைட் வேலையை உடனே விடாதீர்கள். பூச்சுக்கு உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்தவர் நீங்கள், அது பெரிய முதல்.

தனியாக அலுவலகம் போடும் எண்ணத்தைத் தள்ளி வையுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் தானே நேரில் போய்ப் பார்க்கிற ஒருவரிடம் சேருங்கள். இடத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறவர் எவ்வளவு பணம் தந்தாலும் வேண்டாம்.

அடுத்த முறை அந்த மதிப்பீட்டாளரோடு போகும்போது ஒன்று செய்யுங்கள். வீட்டைப் பார்த்து முடித்ததும் உங்கள் தொகையை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் அறிக்கையை முடித்த பிறகு பிரித்துப் பாருங்கள். எங்கே வித்தியாசம் வந்தது என்று அவரிடமே கேளுங்கள். பத்து வீடு அப்படிப் பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.